கல்லுக்குச் சீட்டு எழுதியவர்

சார்லஸ் வால்காட் (1850 – 1927)

சிவில் டிப்ளமோ, இரண்டாம் ஆண்டு மாணவன்

நம்முடைய மாணவர் மன்ற ஆண்டு மலரில் பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு ஒன்றிரண்டு வருவது வழக்கம். எடிசன், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு என்று எல்லாரைப் பற்றியும் சீனியர் அண்ணன்மார்கள் எழுதி முடித்துவிட்டார்கள். நான் எழுதப்போகிறவரின் பெயரை நம் வகுப்புகளில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் பாறைகளையும் அவற்றுக்குள் இருக்கும் பழங்கால உயிர்களையும் படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் அது. சார்லஸ் டூலிட்டில் வால்காட். அமெரிக்கர்.

இவர் பள்ளிப் படிப்பையே முழுசாக முடிக்கவில்லை. எந்தக் காலேஜிலும் படித்துப் பட்டம் வாங்கவில்லை. இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தவர். அப்படிப்பட்டவர் அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வுத் துறைக்கு 13 வருஷம் டைரக்டராக இருந்தார். பிறகு ஸ்மித்சோனியன் என்ற மாபெரும் அருங்காட்சியக நிறுவனத்துக்கு 20 வருஷம் தலைமைப் பொறுப்பில் இருந்தார். எப்படி முடிந்தது? திறமை, உழைப்பு எல்லாம் உண்டுதான். ஆனால் அதற்கும் அடியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லோடும் அவர் வைத்த காகிதச் சீட்டு! அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டிரைலோபைட் என்றால் என்ன?

வால்காட் வாழ்நாள் முழுக்கத் தேடியது டிரைலோபைட் என்ற பிராணியை. அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகை நாம் படித்திருக்கிறோம். இதில் படிவுப்பாறை என்பது கடலடியிலும் ஏரியடியிலும் சேறு, மணல், சுண்ணாம்பு எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. அந்தச் சேற்றில் செத்து விழுந்த பிராணியின் ஓடும் கூடவே கல்லாகிவிடும். அதைத்தான் பாசில் என்கிறோம். தமிழில் புதைபடிவம்.

டிரைலோபைட் கடலில் வாழ்ந்த ஒரு கணுக்காலி. நண்டு, இறால், தேள் இவற்றுக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். சுமார் 52 கோடி வருஷத்துக்கு முன்னால் தோன்றி, சுமார் 25 கோடி வருஷத்துக்கு முன்னால் பூண்டோடு அழிந்துபோனது. பேலியோசோயிக் என்று சொல்லும் அந்தப் பழைய ஊழி முழுக்க இது கடலில் இருந்திருக்கிறது. இதுவரை 20,000 இனங்களுக்கு மேல் பெயர் வைத்திருக்கிறார்கள். மிளகு அளவிலும் உண்டு, முறம் அளவிலும் உண்டு. மழைக்காலத்தில் மரவட்டையைத் தொட்டால் சுருண்டுகொள்ளும் இல்லையா? அந்த மாதிரி சுருண்ட நிலையிலேயே கல்லான டிரைலோபைட்டுகளும் கிடைக்கின்றன.

டிரைலோபைட் என்றால் மூன்று மடல் உள்ளது என்று அர்த்தம். தலை, உடம்பு, வால் என்ற மூன்றைத்தான் சொல்கிறார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன், புத்தகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் நடுவே ஒரு மேடு ஓடும். அதற்கு வலப்பக்கம் ஒரு மடல், இடப்பக்கம் ஒரு மடல். இந்த மூன்றினால்தான் அந்தப் பெயர். குறுக்குவாக்கில் பார்த்தால் தலைக்கவசம், கணுக்கள் சேர்ந்த உடம்பு, வால்தட்டு என்று தனியாக மூன்று பகுதி உண்டு.

எந்த இனம் என்று கண்டுபிடிக்க என்ன பார்ப்பார்கள்? உடம்பில் எத்தனை கணு என்று எண்ணுவார்கள். தலை நடுவில் உள்ள மேட்டில் பள்ளக்கோடுகள் எப்படி ஓடுகின்றன, கண் எங்கே இருக்கிறது, முள் உண்டா, வால்தட்டு தலையைவிடச் சின்னதா பெரியதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இதில் ஒரு சிக்கல். நண்டு ஓடு கழற்றுவது போல டிரைலோபைட்டும் வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறது. ஆகவே ஒரே பிராணி பல ஓடுகளை விட்டுப் போயிருக்கும். கிடைப்பதில் பெரும்பாலானவை உடைந்த தலையும் தனி வாலும்தான். முழு உருவம் கிடைப்பது அபூர்வம்.

கடைப் பையன்

வால்காட் 1850 மார்ச் 31ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் யூட்டிகா நகரத்துக்குப் பக்கத்தில் நியூயார்க் மில்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெயருக்கேற்ற மாதிரி அது பருத்தி மில் ஊர். நாலு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. இரண்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் வளர்த்தார். யூட்டிகாவில் பள்ளிக்கூடம் போனார். பதினெட்டு வயதில், படிப்பை முடிக்காமலே, நின்றுவிட்டார். நம் வயதுதான்! அதற்குப் பிறகு ஹார்டுவேர் கடையில் வேலை.

ஆனால் சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கல் பொறுக்குகிற பழக்கம் இருந்தது. யூட்டிகாவுக்கு வடக்கே டிரென்டன் பால்ஸ் என்ற அருவி. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை சுமார் 45 கோடி வருஷத்துப் பழசு. அடுக்கடுக்காக அதில் டிரைலோபைட். அங்கே வில்லியம் ரஸ்ட் என்ற விவசாயியின் பண்ணை இருந்தது. ரஸ்ட் நிலத்தில் உழைக்கிறவர், ஆனால் பாசில் எடுப்பதில் கைதேர்ந்தவர். வால்காட் 1871இல் கடை வேலையை விட்டுவிட்டு அந்தப் பண்ணைக்கே போய்விட்டார். பண்ணை வேலையும் பார்ப்பது, பாசிலும் எடுப்பது என்று ஏற்பாடு. அடுத்த வருஷம் ரஸ்ட்டின் தங்கை லூராவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

டிரென்டன் பாறையில் கிடைக்கிற டிரைலோபைட் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஐசோடெலஸ் என்பது பெரியது, வழவழப்பானது. பிளெக்சிகாலிமீன் சின்னது, சுருண்டு உருண்டையாகக் கிடைக்கும். செராரஸ் என்பதற்கு வாலில் இரண்டு நீளமான முள். பார்த்துப் பார்த்து, பிரித்துப் பிரித்து, கண்ணே இவருக்கு வாத்தியார் ஆகிவிட்டது.

1873இல் தன் சேகரிப்பை ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு விற்றார். விலை 3,500 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அப்போது அவருக்கு வயது 23. வாங்கியவர் லூயி அகாசி என்ற மிகப் பெரிய விஞ்ஞானி. அகாசி இந்த இளைஞரை மதித்துப் பேசினார், ஒரு வேலையும் சொல்லி அனுப்பினார். டிரைலோபைட்டுக்குக் கால் இருக்கிறதா என்று தேடிப் பார் என்பதுதான் அந்த வேலை. அவரிடமே மாணவராகச் சேரலாம் என்று வால்காட் ஆசையாக இருந்தார். அதே வருஷம் டிசம்பரில் அகாசி இறந்துவிட்டார். காலேஜ் கனவு அதோடு முடிந்தது. 1876 தொடக்கத்தில் மனைவி லூராவும் இறந்துபோனார். இருபத்தைந்து வயதில் இத்தனையும்.

கால் எங்கே?

அந்தக் காலத்தில் இது பெரிய புதிர். ஆயிரக்கணக்கில் டிரைலோபைட் கிடைத்திருந்தது, கால் மட்டும் சரியாகத் தெரியவில்லை. முதுகு ஓடு கெட்டி, கல்லாகி நிற்கும். கால் மெல்லியது, அழுகிப் போய்விடும். 1870இல் கனடாவில் கிடைத்த ஒரு கல்லில் கால் தெரிகிறது என்று ஒருவர் எழுத, அது கால் இல்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள்.

வால்காட்டும் ரஸ்ட்டும் பண்ணைப் பக்கத்தில் ஒரு மெல்லிய அடுக்கைத் தோண்டினார்கள். திடீரென்று சேறு சரிந்து மூடி, உயிரோடு புதைந்த டிரைலோபைட்டுகள் அதில் இருந்தன. நிறைய மல்லாந்து கிடந்தன. கால் இருந்தாலும் அது பாறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. உளியால் தட்டினால் தூளாகிவிடும். என்ன செய்வது?

வால்காட் கல்லை வெட்டினார். வெட்டிய துண்டை வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்தார். கறுத்த சுண்ணாம்புக் கல்லுக்குள் கால்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஒரு வெட்டில் ஒரு கால் முழுசாகத் தெரியாது, ஒரு துண்டுதான் தெரியும். அடுத்த வெட்டில் அடுத்த துண்டு. நீளவாக்கில் சில, குறுக்கே சில. இதையெல்லாம் சேர்த்து முழு உருவத்தை வரைய வேண்டும். சிவில் டிராயிங் போடுகிற நமக்கு இது நன்றாகப் புரியும். செக்ஷன்களை மட்டும் கையில் கொடுத்துவிட்டு முழுக் கட்டடத்தையும் வரையச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த வேலை! இப்படி மாதக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில் தேய்த்தார். டிரைலோபைட்டுக்குக் கால் உண்டு என்று 1876இல் முதல் அறிவிப்பு. 1881இல் படங்களோடு முழுக் கட்டுரை. அகாசி கேட்ட கேள்விக்கு, அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து முழுசாகப் பதில் கிடைத்தது.

சர்வே வேலை

லூரா இறந்த அதே 1876இல் நியூயார்க் மாநில நிலவியலாளர் ஜேம்ஸ் ஹாலிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஹால் பெரிய அறிஞர், கோபக்காரர் என்றும் பெயர் எடுத்தவர். அங்கே சில காலம் தாக்குப்பிடித்தார். 1879இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை புதிதாகத் தொடங்கியது. அதில் கடைசிப் படியில் உதவியாளராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 50 டாலர்.

முதல் வேலையே பயங்கரமானது. யூட்டா பக்கத்து உயரமான குன்றுகளிலிருந்து கொலராடோ ஆற்றின் மாபெரும் பள்ளத்தாக்கு வரைக்கும் பாறை அடுக்குகளை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். எந்த அடுக்கு, எத்தனை அடி கனம், என்ன நிறம், அதில் என்ன பாசில். அளந்து முடித்த மொத்தக் கனம் சுமார் 13,000 அடி! 1882 குளிர்காலத்தில் மறுபடியும் அதே பள்ளத்தாக்குக்குள் இறங்கி மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து வேலை செய்தார். உதவியாளராகச் சேர்ந்தவர் பதினைந்தே வருஷத்தில், 1894இல், அதே துறைக்கு டைரக்டர். அணை, பாசனத் திட்டங்களுக்காக 1902இல் தொடங்கப்பட்ட பிரிவும் ஆரம்பத்தில் இவர் துறையின் கீழ்தான் இருந்தது.

சீட்டில் என்ன இருந்தது?

அழகான பாசிலைப் பொறுக்கி அலமாரியில் வைக்கிறவர்கள் அந்தக் காலத்திலும் நிறையப் பேர் இருந்தார்கள். வால்காட் அவர்களிடமிருந்து வித்தியாசப்பட்டது ஒரே இடத்தில்தான். எந்த ஊர், எந்த மலைச்சரிவு, எந்த அடுக்கு என்பது கல்லோடு கூடவே போனது. அவருடைய கேம்பிரியன் சேகரிப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. பின்னால் சொல்லப்போகும் புகழ்பெற்ற இடத்துக்கு 35கே என்று எண். அருங்காட்சியகத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் போதும், கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இது ஏன் முக்கியம்? கீழே உள்ள அடுக்கு பழையது, மேலே உள்ளது புதியது. எந்த டிரைலோபைட் எந்த அடுக்கில் என்று தெரிந்தால், வேறு ஊரில் அதே டிரைலோபைட் கிடைக்கும்போது அந்தப் பாறையின் வயதையும் சொல்லிவிடலாம். அடுக்கு தெரியாத டிரைலோபைட் அழகுப் பொருள், அவ்வளவுதான்.

இந்தச் சீட்டு அவரையே ஒரு தடவை திருத்தியது. கேம்பிரியன் என்பது பேலியோசோயிக் ஊழியின் முதல் காலம். அதில் ஒலெனெல்லஸ் என்று ஒரு டிரைலோபைட், பாரடாக்சிடஸ் என்று இன்னொன்று. எது முந்தையது? பாரடாக்சிடஸ்தான் பழையது என்று வால்காட் எழுதியிருந்தார். ஸ்காண்டிநேவியாவில் வேலை செய்தவர்கள், இல்லை, ஒலெனெல்லஸ்தான் கீழே இருக்கிறது என்றார்கள். அமெரிக்கப் பக்கம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற இடம் வேண்டும். 1888இல் ஹெலினா என்பவரை மறுமணம் செய்துகொண்ட கையோடு, புது மனைவியையும் அழைத்துக்கொண்டு நியூபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார். அங்கே மானுவல்ஸ் என்ற இடத்தில் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார். ஒலெனெல்லஸ்தான் கீழே. தான் எழுதியது தப்பு என்று தெரிந்துவிட்டது. அதே வருஷம் லண்டனில் நடந்த உலக நிலவியல் மாநாட்டில் அதை எல்லார் முன்னிலையிலும் சொல்லி, வரிசையை மாற்றிக்கொண்டார். பட்டம் இல்லாதவர், தப்பையும் ஒப்புக்கொண்டார், ஆனால் மரியாதை குறையவில்லை. கூடியது!

மலைமேல் கிடைத்த புதையல்

இனிமேல் சொல்லப்போவதுதான் அவரை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிற காரணம்.

கனடாவில் ராக்கி மலைகளுக்குக் குறுக்கே 1880களில் ரயில் பாதை போட்டார்கள். பீல்டு என்ற ஊருக்கு மேலே ஸ்டீபன் மலை. அந்தச் சரிவில் கல்லுக்குள் பூச்சி இருக்கிறது என்று ரயில்வே தொழிலாளர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு 1886இல் ஓட்டோ கிளாட்ஸ் என்ற சர்வேயர் போய்ச் சேகரித்தார். கல்லுக்குள் இருந்த பூச்சி டிரைலோபைட்! அதில் ஒரு இனத்துக்குக் கிளாட்ஸின் பெயரையே வைத்தார்கள். முதலில் கண்டு சொன்ன தொழிலாளர்களின் பெயரில் எதுவும் இல்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

அந்தக் கற்களைப் பற்றி வால்காட் 1888லேயே எழுதினார். நேரில் போனது 1907இல். 1909 ஆகஸ்ட் கடைசியில், மனைவி, பிள்ளைகளோடு குதிரையில் போய், பக்கத்து மலை முகட்டில் ஒரு கறுத்த களிப்பாறையைக் கண்டார். அதுதான் பர்ஜெஸ் ஷேல். வயது சுமார் 50 கோடியே 80 லட்சம் வருஷம்.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. சீசன் முடிந்து இறங்கும்போது ஹெலினாவின் குதிரை சறுக்கி ஒரு பலகைக்கல்லைப் புரட்டியது, அதில் பாசில் தெரிந்தது, அதற்குள் பனி கொட்டியதால் அடுத்த வருஷம் வரை காத்திருந்தார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வால்காட் தினமும் டைரி எழுதுகிறவர். டைரியைப் பார்த்தால், கண்டுபிடித்த பிறகும் பல நாள் அங்கேயே நல்ல வெயிலில் சேகரித்திருக்கிறார்கள். குதிரைக் கதையைச் சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், எழுதி வைத்தவர் ஒருவர். எழுதியதுதான் நின்றது.

பர்ஜெஸ் ஷேலில் என்ன விசேஷம்? மற்ற இடங்களில் ஓடு மட்டும்தான் கல்லாகும். இங்கே புழு, மெல்லுடல் பிராணி, கால், குடல் வரைக்கும் கறுத்த பாறையில் மெல்லிய பளபளப்பாகப் பதிந்திருக்கிறது. காலோடு கூடிய டிரைலோபைட்டும் கிடைத்தது. 1910இலிருந்து பல கோடைகள் அங்கே கூடாரம் போட்டார்கள். கடப்பாறை, உளி, சில சமயம் வெடி. பெயர்த்த பலகைகளைப் பிளந்து, காகிதத்தில் சுற்றி, குதிரைமேல் ஏற்றி, பீல்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலில் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். 1924 வரைக்கும் சேர்த்த கற்கள் சுமார் 65,000. பெரிய துறையின் தலைவராக இருந்துகொண்டு, அறுபது எழுபது வயதில் கையில் சுத்தியல்! 1918இல் டிரைலோபைட்டின் கால்களைப் பற்றி மறுபடியும் விரிவாக எழுதினார். முதல் அறிவிப்புக்கும் இதற்கும் நடுவில் 42 வருஷம்.

துக்கம்

இந்த வருஷங்களில் வீட்டில் நடந்ததை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. 1911 ஜூலையில் ஹெலினா ரயில் விபத்தில் இறந்தார். 1913இல் மூத்த மகன் காசநோயில் போனார். 1917இல் கடைசி மகன் ஸ்டூவர்ட், பிரான்ஸ் நாட்டு வான்போரில் இறந்தார். மகன் சிட்னியின் பெயரை ஒரு பர்ஜெஸ் ஷேல் பிராணிக்கு 1911இல் சிட்னேயா என்று வைத்திருந்தார். 1914இல் மேரி வாக்ஸ் என்ற ஓவியரை மணந்தார். ராக்கி மலைக் காட்டுப்பூக்களை வரைந்து புகழ்பெற்றவர் அவர். 1927 பிப்ரவரி 9ஆம் தேதி, 76ஆம் வயதில் வால்காட் காலமானார். காலேஜ் பட்டம் இல்லாதவருக்குப் பல பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் கொடுத்திருந்தன.

கருத்து மாறியது, சீட்டு மாறவில்லை

பர்ஜெஸ் ஷேலில் கிடைத்த விசித்திரப் பிராணிகளை எல்லாம் வால்காட் தெரிந்த பழைய பிரிவுகளில் சேர்த்துவிட்டார். மாரெல்லா என்ற சின்னப் பிராணியை டிரைலோபைட் என்றே நினைத்தார். 1960களின் பிற்பகுதியிலிருந்து ஹாரி விட்டிங்டன் என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவர்களும் அந்தக் கற்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள். மாரெல்லா டிரைலோபைட் இல்லை என்று 1971இல் காட்டினார்கள். ஓபாபினியா என்று ஒன்று, அதற்கு ஐந்து கண்! இப்படி வால்காட் சொன்னதில் பல மாறிப்போயின.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லவே இல்லை. மறு ஆராய்ச்சி செய்தவர்களிடம் வால்காட் சேர்த்த கற்கள் இருந்தன, எங்கிருந்து எடுத்தது என்ற விவரமும் இருந்தது. அதனால்தான் திருத்தவே முடிந்தது. அவருடைய கருத்தில் பாதி போனாலும் அவர் எழுதிய இடம், அடுக்கு, தேதி அப்படியே நிற்கிறது. அந்த மலை 1980இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இன்றைக்கு அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட அங்கிருந்து எடுக்கக் கூடாது.

எங்கள் வீட்டுக் கற்கள்

ரயில்வே தொழிலாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்ப்பவர். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். சின்ன வயதில் அப்பா சாப்பாட்டுத் தூக்கில் நத்தை மாதிரிச் சுருண்ட கல், சிப்பிக் கல் எல்லாம் போட்டுக் கொண்டுவருவார். எனக்கு அதுதான் பொம்மை. அவை டிரைலோபைட் இல்லை. அரியலூர்ப் பாறை கிரெட்டேசியஸ் காலத்தது, டிரைலோபைட் அழிந்து பதினைந்து கோடி வருஷத்துக்கும் பின்னால் அங்கே இருந்த கடலின் மிச்சம்.

சுத்தியல் விழுகிற சத்தத்தை வைத்தே கல் எங்கே பிளக்கும் என்று அப்பா சொல்லுவார். எந்த அடுக்குக்குக் கீழே சிப்பிக் கல் வரும் என்றும் தெரியும். ஆனால் இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. போன லீவில் ஊருக்குப் போனபோது அந்தக் கற்களைத் திண்ணையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றும் எங்கே கிடைத்ததென்று அப்பாகிட்ட கேட்டேன். என்னடா இது விளையாட்டு என்று சிரித்தார். அப்புறம் ஒன்றொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். இது மஞ்சள் மண்ணுக்குக் கீழே, ரெண்டு ஆள் ஆழம். இது உன் தங்கச்சி பொறந்த வருஷம், இப்போ தண்ணி நிக்குதே அந்தப் பள்ளத்துல. நான் நோட்டைக் கிழித்துச் சீட்டு எழுதி ஒவ்வொரு கல்லின் கீழேயும் வைத்தேன். பதினொரு கல்லுக்குச் சொன்னார். நாலு கல்லுக்கு யோசித்து யோசித்துப் பார்த்து, ஞாபகம் இல்லைப்பா என்று விட்டுவிட்டார். அந்தப் பள்ளத்தில் இப்போது தண்ணீர். ஞாபகமும் போய்விட்டால் யாரும் சொல்ல முடியாது.

சீட்டில் யார் எடுத்தது என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதினேன்.

நண்பர்களுக்கு

நம்மில் நிறையப் பேருக்கு பி.இ. கிடைக்கவில்லையே, டிப்ளமோதானே என்று ஒரு குறை இருக்கிறது. வெளியிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பதிலுக்கு நாமும் பழமொழி சொல்லிக்கொள்கிறோம். வால்காட் வாழ்க்கையைப் படித்தபிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. கை வேலை தெரிந்தவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கொத்தனார், பிட்டர், குவாரித் தொழிலாளி. அவர்கள் அறிவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எழுதி வைக்க ஆள் இல்லை, அதுதான் குறை. அந்த வீடுகளிலிருந்து முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள் நாம். அந்தக் கையும் நமக்குத் தெரியும், எழுதவும் தெரியும்.

பெரிசாக ஒன்றும் செய்ய வேண்டாம். லேபில் கான்கிரீட் கியூப் போடுகிறோமே, அதில் தேதியும் கலவையும் எந்த இடத்துக் கான்கிரீட் என்பதும் எழுதுகிறோமா? சும்மா விட்டுவிட்டால் 28 நாள் கழித்து அது வெறும் கல். எவ்வளவு பாரம் தாங்கியது என்று மெஷின் காட்டும், எந்தத் தூண் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சைட்டில் மண் பரிசோதனைக்குத் தோண்டும்போது எத்தனை அடியில் நிறம் மாறியது என்று அப்போதே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் எழுதிக்கலாம் என்று விடாதீர்கள். மேஸ்திரி ஒரு யுக்தி சொன்னால் அதையும் எழுதுங்கள். அவர் பெயரோடு எழுதுங்கள்.